மதியம் இரண்டு மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்?

2020 ஆகஸ்டில், ஊரடங்கினால் நாங்கள் எல்லோரும் வீட்டிலேயே அடைந்து கிடந்த நாட்களில், 45 நாள் வயதான லேப்ரடார் குட்டி ஒன்றை வாங்கினோம். 2021 பிப்ரவரியில், 24 கிலோவாக வளர்ந்துவிட்டிருந்த அதே நாயை, பொன்னேரியில் தோட்டத்தோடு வீடு வைத்திருக்கும் என் கணவரின் பெரியப்பா மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினோம். அப்போது ஏழு வயதாகியிருந்த என் மகன் பெரம்பூர் வந்து சேரும் வரை காரில் ஒரு வார்த்தை பேசவில்லை; அடுத்த இரண்டு நாட்களும் பேசவில்லை. அவனை அப்படி ஆக்கியது ராக்கி என்ற அந்த நாயின் குற்றமல்ல, எங்கள் அவசரம்தான் என்பதால், நாங்கள் எங்கே தவறினோம், பிறகு எப்படித் திருத்திக்கொண்டோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ராக்கியைத் தேர்ந்தெடுக்க நாங்கள் எடுத்துக்கொண்ட நேரம் மொத்தமே கால் மணி நேரம்தான். கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்தோம், மகன் குதித்தான், விற்றவர் மறுநாளே கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். எட்டு வாரத்திற்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்வதை நான் படித்தது ஓராண்டு கழித்துத்தான். அந்த வயதில் தாயிடமிருந்து பிரிக்கப்படும் குட்டி, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எப்போது விடவேண்டும் என்பதைத் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கற்பதற்குள் வந்துவிடுகிறது. அந்தப் பாடத்தையெல்லாம் அது எங்கள் மகனின் முழங்கையில்தான் படித்தது.

அன்று எங்கள் வீட்டில் நாள் முழுவதும் நான்கு பேர் இருந்தோம். குட்டியை மணிக்கொரு தரம் பால்கனிக்குத் தூக்கிச் செல்லவும், விளையாட்டுக் காட்டவும், உணவை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கவும் ஆள் மாற்றி ஆள் இருந்ததால், நாய் வளர்ப்பது இவ்வளவு எளிதா என்று நானே வியந்திருக்கிறேன். அக்டோபரில் என் காப்பீட்டு அலுவலகம் முழுமையாக இயங்கத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கணவருக்கு மூன்று ஷிஃப்டுகளும் திரும்பி வந்தன. ஊரடங்குக் காலத்து வாழ்க்கையை எங்கள் இயல்பான வாழ்க்கை என்று எண்ணி, அதற்கேற்ற நாயை வாங்கியிருந்தோம் என்பது அந்த மாதம்தான் புரிந்தது.

காலை எட்டேகாலுக்கு நான் படி இறங்கினால், மாலை ஆறரை வரை வீட்டில் ராக்கியும் ஆன்லைன் வகுப்பில் அமர்ந்திருக்கும் மகனும் என் மாமியாரும்தான். அத்தைக்கு அப்போது 68 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நாங்கள் இருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடி, மேல் மொட்டை மாடிதான். மூன்று மாதக் குட்டியால் சிறுநீரை மூன்று நான்கு மணி நேரத்திற்கு மேல் அடக்க முடியாது என்று கால்நடை மருத்துவர் சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன், அதைக் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கின்படி, பகலில் குறைந்தது மூன்று முறை யாரோ ஒருவர் தரையைத் துடைக்க வேண்டும். அத்தை ஒரு கையால் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மாப்பைத் தள்ளியபடி, வழவழப்பான டைல்ஸில் கால் வழுக்காமல் இருக்க வெற்றுக்காலின் விரல்களைத் தரையில் ஊன்றி ஊன்றி நகர்வதை ஒரு விடுமுறை நாளில் நான் பார்த்தேன். அவர் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. "வாயில்லா ஜீவன், அதுக்கு என்னம்மா தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

ஜனவரியில், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் மணி அடித்ததும் ராக்கி வாசலுக்குப் பாய்ந்தது. கழுத்துவாரின் மறுமுனை அத்தையின் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. எலும்பில் விரிசல், ஆறு வாரக் கட்டு. ஒரு பிராணியைக் கொண்டுவருவதற்கு முன், பகலில் அதோடு இருக்கப்போகிறவரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்பது நாங்கள் விலை கொடுத்துக் கற்ற முதல் பாடம். மகனைக் கேட்டோம், நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். அத்தையை ஒருவரும் கேட்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் "குழந்தைக்காக" வாங்கப்படும் நாய், மூன்றாவது மாதத்தில் வீட்டிலிருக்கும் பெண்களின் வேலையாகவோ பாட்டி தாத்தாவின் வேலையாகவோ மாறிவிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளை "நானே பார்த்துக்குவேன்" என்று சொல்வதை நம்புவது பெற்றோரின் பிழை. பிள்ளை பொய் சொல்வதில்லை, அவனுக்கு அந்த வயதில் ஒரு மாதம் என்பதன் நீளம் தெரியாது.

ராக்கி போய் ஓராண்டு கழித்து மகன் மறுபடியும் கேட்டபோது, என் கணவர் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்தார். ஒரு வாரம் முழுவதும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு எழுகிறோம், எத்தனை மணிக்கு வெளியே போகிறோம், வீட்டில் இருந்தும் கை ஓய்ந்திருக்கும் நேரம் எது என்று ஒருவர் விடாமல் எழுதினோம். அந்த நோட்டு சொன்ன சங்கதிகள் எங்களுக்கே வியப்பாக இருந்தன. எங்கள் வீட்டில் காலையில் எவருக்கும் இருபது நிமிடத்திற்கு மேல் ஓய்வு கிடையாது. இரவு ஷிஃப்ட் வாரத்தில் கணவர் பகலில் உறங்குகிறார். அந்த வாரம் குரைக்கும் பிராணி எதுவும் ஆகாது. மதியம் இரண்டு மணி என்ற கட்டத்தில், வாரத்தின் ஐந்து நாட்களிலும் அத்தையின் பெயர் மட்டுமே இருந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மே மாதத்திற்கும் திருநெல்வேலி போகிறோம் என்பதால், ஆண்டுக்கு ஏறத்தாழ 20 நாள் வீடு பூட்டிக் கிடக்கிறது. எந்தப் பிராணி அழகு என்ற கேள்வியை விட்டுவிட்டு, அந்த மதியம் இரண்டு மணிக் கட்டத்தில் எது பொருந்தும் என்று தேடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

அந்தக் கட்டத்திற்கு வெயிலும் உண்டு. அக்கினி நட்சத்திர நாட்களில் எங்கள் கூடத்தின் தளம் இரவு பத்து மணிக்கும் சூடு இறங்காது. அதோடு கடற்கரை ஊருக்கே உரிய புழுக்கம். நாய்க்கு உடலெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த வழியும் பாதி அடைபட்டுப்போகிறது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகியது என்பதால் மே மாதத்து மதியம் அவற்றுக்கு உயிர்ப் பிரச்சினை. பெசன்ட் நகர்க் கடற்கரையில் மாலை நேரத்தில் ஹஸ்கியைக் கூட்டி வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம், பனிப்பிரதேசத்தில் வண்டி இழுக்கப் பிறந்த அந்த இரட்டை ரோமப் போர்வையை நினைத்து எனக்கே மூச்சு முட்டும். நாள் முழுக்க ஏசி போட்டு வளர்க்கிறோம் என்பார்கள். மின்தடை ஆகும் நாளை அவர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

அதற்காக நம் ஊர் இனம் என்றாலே பொருந்திவிடும் என்றும் சொல்ல மாட்டேன். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. முயலைத் துரத்திய கால்களுக்கு 750 சதுர அடி வீடு போதாது. ராஜபாளையம் காவல் நாய். வெள்ளை நிறத்தோடு பிறவிக் காதுகேளாமையும் அந்த இனத்தில் சில குட்டிகளுக்கு வருகிறது என்பதால், வாங்குமுன் குட்டியின் முதுகுப்புறம் கைதட்டிப் பார்க்க வேண்டும். சென்னை அடுக்குமாடிக்கு நாய்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது, இரண்டு மூன்று வயதான, கருத்தடை செய்யப்பட்ட தெருநாய் இனத்தைத் தத்தெடுங்கள் என்பதே. குட்டிப் பருவத்துக் கடியும் கழிப்பிடப் பயிற்சியும் முடிந்திருக்கும். உயரம், குணம், குரைப்பு எல்லாம் கண்முன்னே தெரியும். இந்த வெயிலும் அதற்குப் பழக்கம். அண்ணா நகரில் இருக்கும் என் அலுவலகத் தோழி அப்படித்தான் ஒன்றைக் கொண்டுவந்தார். ஓய்வு பெற்ற அவருடைய அப்பா விடியற்காலை ஐந்து மணிக்குத் தவறாமல் நடப்பவர். அந்த நடைக்கு ஒரு துணை கிடைத்தது. அவர்கள் நோட்டில் எழுதியிருந்தால் நாய் என்றுதான் வந்திருக்கும், எங்கள் நோட்டில் வரவில்லை, அவ்வளவுதான்.

அத்தைக்குக் கிளி வளர்க்க ஆசை. அவர் பிறந்த வீட்டுத் திண்ணையில் கூண்டுக்கிளி இருந்ததாம். பச்சைக்கிளி, முனியா, நட்சத்திர ஆமை போன்றவற்றை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று சொன்னபோது, "அப்ப எங்க அப்பா ஜெயிலுக்குப் போயிருக்கணுமா?" என்று சிரித்தார். லவ் பேர்ட்ஸ் வளர்க்கத் தடையில்லை. ஆனால் இரவு ஷிஃப்ட் முடிந்து உறங்குபவர் இருக்கும் வீட்டில் காலை ஆறு மணிக்குத் தொடங்கும் அந்தக் கச்சேரி எடுபடாது. முயலுக்கு 30 டிகிரி தாண்டினாலே தவிப்பு. மொட்டை மாடிக்குக் கீழ் வீட்டில் அதை நினைக்கவே வேண்டாம். ஐந்து ரூபாய் நாணயம் அளவில் விற்கப்படும் செங்காது ஆமையை மகன் கேட்டான். அது தட்டளவு வளர்ந்து 20, 30 ஆண்டு வாழும், நீ வேலைக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் நான்தான் தொட்டி கழுவிக்கொண்டிருப்பேன் என்றதும் விட்டுவிட்டான்.

ஆகவே 2022-இல் மீன். வண்ண மீன் வளர்ப்புக்குப் பெயர்போன கொளத்தூர் எங்களுக்குப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டடி நீளத் தொட்டியும், அதே கையோடு ஆறு தங்கமீனும் வாங்கி வந்தோம். அங்கேயும் அவசரம். நான்காம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கியது; மீன்கள் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசிக்கிறது போலும் என்று அத்தை இன்னும் ஒரு சிட்டிகை உணவு போட்டார். வார முடிவில் ஐந்து மிதந்தன. புதிய தொட்டியில் மீனின் கழிவிலிருந்து அம்மோனியா சேர்கிறது. அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சில் குடியேறுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு மீனோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தங்கமீன் அதிகம் கழிவு போடும் இனம். 56 லிட்டர் தண்ணீரில் ஆறு என்பது ஒற்றை அறையில் கல்யாண வீட்டை நடத்துவது போன்றது.

இன்னொரு செய்தியும் சென்னைக்காரர்களுக்குச் சொல்லவேண்டும். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தோ, அதற்கென்று விற்கும் சொட்டு மருந்தை விட்டோதான் தொட்டியில் ஊற்ற வேண்டும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் உப்பு அதிகம். பக்கெட்டின் விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டும் தண்ணீர் என்றால் கப்பியும் மோலியும் தாங்கும், மென்னீர் கேட்கும் நுட்பமான மீன்கள் தாங்காது. தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேடுவதுதான் மலிவான வழி. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விரலளவில் விற்கப்படும் சக்கர் மீனை வாங்காதீர்கள். ஓரடிக்கு மேல் வளர்ந்துவிடும் அதை, வைக்க இடமில்லாமல் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள், அங்கே அது நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஆறு வாரம் காத்திருந்து விட்ட கப்பிகள் பெருகின. மீனின் சிறப்பு, அதன் வேலையைத் தள்ளிப்போடலாம் என்பது: ஞாயிறு காலை அரைமணி நேரத்தில் கால்வாசித் தண்ணீர் மாற்றினால் வாரம் ஓடிவிடும். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் மின்சாரம் இல்லாதபோது, காற்றுக் குமிழி நின்ற தொட்டியருகே முக்காலி போட்டு அமர்ந்த மகன், மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரால் தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து மறுபடியும் தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தான். கால் மணிக்கு ஒருமுறை, இரவு பதினொன்று வரை. அன்று அவனுக்குப் பத்து வயது. நாய்க்குட்டி வந்தபோது அவனுக்கு இல்லாதது அந்த ஆண்டுகளில் வந்துவிட்டது என்று எனக்குப் பட்டது; அடுத்த பிராணியைப் பற்றிப் பேச நானே முன்வந்தேன்.

பூனை என்றதும் அத்தை முகம் சுளித்தார். குறுக்கே போனால் சகுனமாகாது என்பதும், பால் பாத்திரத்தில் வாய் வைக்கும் என்பதும் அவர் வாதம். இம்முறை அவர் சொல்லே முடிவு என்று வைத்துக்கொண்டோம். அயனாவரத்தில் கைவிடப்பட்ட பூனைகளைப் பராமரிக்கும் ஒரு பெண்மணியின் வீட்டிற்கு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் போய் அமர்ந்தோம். மகனுக்குச் சிறு வயதில் வீசிங் இருந்ததால், ரோமம் ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதும் அதில் ஒரு நோக்கம். மூன்றாவது ஞாயிறு, மூன்று வயதுப் பெண்பூனை ஒன்று அத்தையின் மடிப்பக்கம் வராமல், ஒரு முழம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. "இது மரியாதை தெரிஞ்சது" என்றார் அத்தை. இரண்டு வாரம் வைத்துப் பார்த்து, ஒத்துவராவிட்டால் திருப்பித் தருகிறோம் என்ற உடன்பாட்டோடு லட்டுவைக் கொண்டுவந்தோம். அப்படி ஒப்புக்கொள்ளும் இடத்திலிருந்து எடுப்பது, பணம் கொடுத்து வாங்குவதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது.

வருவதற்கு முன்பே பால்கனிக்கு முழுவதுமாக வலை அடித்தோம். பூனை விழாது, விழுந்தாலும் காலூன்றிக்கொள்ளும் என்பதை நம்பி இரண்டாம் மாடியில் சோதித்துப் பார்க்க முடியாது. பூனை மலஜலம் கழிக்கும் மணல் தட்டை அள்ளுவது கணவரின் பொறுப்பு; அவர் இரவு ஷிஃப்ட் வாரத்தில் மகன். பூனைக்கு இறைச்சிச் சத்து கட்டாயம். டாரின் என்ற சத்து குறைந்தால் அதன் கண்ணும் இதயமும் கெடும் என்பதால், தயிர்சாதத்தில் வளர்க்கலாம் என்று எண்ணும் முழுச் சைவ வீடுகள் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது. எங்களுக்கு உணவும் மணலும் சேர்த்து மாதம் இரண்டாயிரம் ரூபாய் அளவில் ஆகிறது. தடுப்பூசியும் மருத்துவமும் தனி. 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருப்பது எங்கள் பகுதிக்கு வாய்த்த வசதி. உங்கள் வீட்டிலிருந்து இரவு நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மருத்துவமனை எது என்பதைப் பிராணி வருமுன் விசாரித்து வையுங்கள்.

அங்கே ஒரு மருத்துவர் சொன்ன செய்தி எங்கள் வீட்டு வழக்கத்தையே மாற்றியது. நாம் சாதாரணமாகப் போடும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரைகூட அதன் உயிரைப் பறிக்கும். முழங்கால் வலிக்கு அத்தை அந்த மாத்திரையைத்தான் தலையணையடியில் வைத்திருப்பார். இப்போது அது மூடி இறுகிய ஒரு முறுக்கு டப்பாவில் இருக்கிறது. நாய்களுக்கு உண்ணி போக விற்கும் சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரினும் அப்படியே என்பதால், நாயும் பூனையும் சேர்ந்து இருக்கும் வீடுகள் லேபிளைப் படிக்காமல் எதையும் தடவக் கூடாது.

குடியிருப்பு நலச் சங்கத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். பெரும்பான்மைத் தீர்மானம் போட்டும்கூடச் சங்கம் பிராணிகளைத் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. 1962-இல் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு அமைந்த அந்த வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இயங்கியது. ராக்கி குரைத்த காலத்தில் அந்தத் தாளை அச்செடுத்துச் செயலாளரிடம் நீட்டியவள்தான் நான். அவர் வாயடைத்துப் போனார், ஆனால் கீழ்வீட்டில் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை. லட்டுவைக் கொண்டுவருமுன் கீழ்வீட்டிலும் எதிர்வீட்டிலும் போய்ச் சொன்னேன். மாநகராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் எடுத்து வைத்திருப்பது சட்டத்திற்காக மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு கீறல் பட்டால் முதலில் கேட்கப்படும் தாள் அது என்பதற்காகவும்தான். கீறலோ கடியோ எதுவானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்கு இப்போது அத்தை கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருப்பார். லட்டு அவர் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி, மின்விசிறியின் காற்று படும் இடமாகப் பார்த்துச் சுருண்டிருக்கும். பெரும்பாலும் இருவரும் உறங்கிவிடுவார்கள். பொங்கலுக்குத் திருநெல்வேலி போகும் நான்கு நாட்களுக்கு, எதிர்வீட்டு அக்கா காலையும் மாலையும் வந்து உணவு வைத்து, தட்டை அள்ளிவிட்டுப் போக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர்கள் மதுரைக்குப் போகும்போது அவர்களுடைய துளசிச் செடிக்கும் மணிபிளாண்டுக்கும் தண்ணீர் ஊற்றுவது எங்கள் முறை. அந்த ஏற்பாட்டையும் சாவி எங்கே இருக்கும் என்பதையும் மகன் நாற்பது பக்க நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான்.